டெல்டா நாவலும் ஏஐயும்: எந்த வேலையைக் கொடுக்கலாம், எதில் கையை எடுக்கணும்?

கடைமடை

இரண்டாம் பிரதி முடிஞ்சு நிக்கிற ஒரு நாவல். களம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடை ஊர், அதாவது ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற ஊர். காலம் 1952 முதல் 2018 கஜா புயல் வரைக்கும். 42 அத்தியாயம், சுமார் 90,000 சொல். இதுக்கு சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மாதிரிக் கருவிகளை எந்தெந்த வேலைக்கு விடலாம்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லணும். விடவே கூடாதுன்னு நினைக்கிறவங்களும் காரணத்தோட சொல்லுங்க.

மூணு தலைமுறை வயசுக் கணக்கு, எந்த வருஷம் எப்போ தண்ணி வந்தது, யாருக்கு யார் என்ன முறை, இதையெல்லாம் சரிபார்க்க ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. அதுக்கு மெஷின் ஒத்தாசையா இருக்கும்போலத் தெரியுது. ஆனா அதுகிட்ட ஒரு பத்தியைக் காட்டினா கேக்காமலே திருத்திக் கொடுக்குது. திருத்தினது வழவழன்னு இருக்கு. அதைப் படிச்சிட்டு நாம எழுதினதைப் பார்த்தா கரடுமுரடாத் தெரியுது. பயம் அந்த இடத்துலதான். 'காலத்தோட ஓடணும்', 'கலை செத்துப்போச்சு' ரெண்டு பாட்டும் வேணாம், வேலையைப் பேசுவோம்.

வெண்ணாறு

முதல்ல அளவைப் பேசிடுவோம், பாதித் தகராறு அங்கதான் கிளம்புது. மெஷின் சொல் சொல்லாப் படிக்கிறதில்ல, டோக்கன்னு துண்டு துண்டாப் படிக்குது. யூனிகோடைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். 'கொ'வுக்கு ரெண்டு குறி, ஆக 6 பைட். ஆங்கில எழுத்துன்னா ஒரே ஒரு பைட். அதனால பழைய மாடல்கள் தமிழைப் பொடிப்பொடியா நொறுக்கித்தான் படிச்சுது. 2024 மே மாசம் ஜிபிடி-4ஓ வந்தப்போ சாட்ஜிபிடி நிறுவனமான ஓப்பன்ஏஐ காட்டின உதாரண உரையில தமிழுக்கு முன்ன 116 டோக்கன், புதுசுல 35. 2023ல சோதிச்சுட்டு 'தமிழுக்கு லாயக்கில்ல'ன்னு மூட்டை கட்டினவங்க இன்னொரு தடவை பார்க்கலாம்.

அதுக்காக 42 அத்தியாயத்தையும் ஒரே வாயில ஊட்டாதீங்க தம்பி. கொள்ளும், ஆனா செரிக்காது. நீளமான உரையில தலையும் வாலும் நிக்கிற அளவுக்கு நடு நிக்காது. 20ஆம் அத்தியாயத்துல செத்தவரை 35ல உயிரோட இருக்கார்னு சுருக்கம் எழுதும். ஒரு தடவைக்கு ஒரு அத்தியாயம், புது உரையாடல்.

வேலை இப்படி. ஒவ்வொரு பத்திக்கும் முன்னால 17-04 மாதிரி எண் போடுங்க, 17ஆம் அத்தியாயம், 4ஆம் பத்தின்னு அர்த்தம். கட்டளை இவ்வளவுதான்: "வயது, ஆண்டு, மாதம், பருவம், நில அளவு, பணம், உறவுமுறை சொல்லும் வரிகளை மட்டும் எடு. பத்தி எண்ணோடு, மூலத்தில் உள்ளபடியே எழுது. விளக்கம் வேண்டாம். திருத்தம் வேண்டாம்." வர்றதை எக்செல்ல ஒட்டி, வருஷ வாரியா அடுக்குங்க, அதுதான் நாவலோட பேரேடு. முரண்பாடு பாதி கண்ணுலயே படும். கண்ணுல படாததைத் தேடச் சொல்றதா இருந்தா நாவலைக் கொடுக்காதீங்க, அந்தப் பட்டியலை மட்டும் கொடுங்க.

எடுத்துக் கொடுத்த வரி நிஜமா மூலத்துல இருக்கான்னு நாலஞ்சு சொல்லைத் தேடிப் பார்க்கணும். இல்லாத வரியையும் மேற்கோள் மாதிரியே கொடுக்கும், முகத்துல ஒரு கூச்சமும் இருக்காது. இதுல ஒரு கண்ணி இருக்கு. 'ொ' சில கோப்புல ஒரே குறியா இருக்கும், சிலதுல 'ெ', 'ா'ன்னு ரெண்டா இருக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரி, தேடினா கிடைக்காது. ஓகார உயிர்மெய்க்கும் இதே கதை. கிடைக்கலன்னா உடனே மெஷினைத் திட்டாம, ஒகரம் ஓகாரம் இல்லாத சொல்லா எடுத்து இன்னொரு தடவை தேடுங்க.

மெய்ப்புத்தாள்

உறவுமுறையை அப்படியே எடுக்கச் சொன்னால் பேரேடு குழம்பும். இந்த மாடல்கள் படித்ததில் பெரும்பங்கு ஆங்கிலம். சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் அதற்கு ஒரே ஆள். நம் பக்கத்தில் தாய்மாமனும் மாமா, மாமனாரும் மாமா, அக்கா புருஷனும் மாமா. மகன் வயிற்றுப் பேரன் 'அப்பாயி' என்று கூப்பிடுகிறவளையே அவள் மகள் வயிற்றுப் பேத்தி 'அம்மாயி' என்பாள். மெஷின் இரண்டு கிழவிகள் என்று எழுதிவைக்கும். எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரு நிரந்தரப் பெயர் கொடுத்து, 'சொல்பவர், சொல்லப்படுபவர், கூப்பிடும் முறை' என்று மூன்று கட்டம் போடுங்கள். வம்சக்கொடியைக் கையால் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

வாக்கியத்துக்கு வருவோம். கடைமடை சொன்ன 'வழவழ' எதனால் என்று ஒரே ஒரு வசனத்தை வைத்துப் பார்க்கலாம். நாவலில் இப்படி இருக்கிறது என்று கொள்வோம்:

"செத்த இரு ஆயி. மேக்க மடைய தொறந்துட்டான். தண்ணி இஞ்ச ஏறாது."

'பிழை திருத்து' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் வருவது இந்த வகை:

"சற்றுப் பொறுங்கள் அம்மா. மேற்குப் பக்கத்தில் மதகு திறக்கப்பட்டுவிட்டது. தண்ணீர் இங்கே வராது."

இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. என்னென்ன போயிற்று என்று பாருங்கள். 'ஆயி' இங்கே பேத்தியைக் கூப்பிடுவது. அது 'பொறுங்கள் அம்மா' ஆகிப் பேத்தி கிழவியாகிவிட்டாள். 'மேக்க' என்றால் டெல்டாக்காரனுக்குத் திசை மட்டுமில்லை, தண்ணீர் வருகிற பக்கம். மேற்கே இருப்பவனுக்கு முதல் தண்ணீர், கிழக்கே இருப்பவனுக்கு மிச்சம். 'தொறந்துட்டான்' என்பதில் ஓர் ஆள் இருக்கிறான், பெயர் சொல்லாவிட்டாலும் இருவருக்கும் தெரிந்த ஆள். 'திறக்கப்பட்டுவிட்டது' என்றதும் அவன் ஓடிப்போய்விட்டான். கதையே அவனைப் பற்றித்தான்! 'ஏறாது' என்பதில் இவர்கள் வயல் மேட்டு வயல் என்ற தகவல் இருந்தது, 'வராது' அதையும் துடைத்துவிட்டது. கடைசியில், மதகு திறந்தால் தண்ணீர் வரத்தானே வேண்டும், ஏன் வராது? வாசகர் குழம்புவார். மேற்கே இருப்பவன் தன் வயல் மடையைத் திறந்தால் தண்ணீர் அங்கேயே விழுந்து இங்கே மட்டம் இறங்கிவிடும் என்பதுதான் விஷயம். மடையை மதகு ஆக்கியதில் காரணகாரியமே கவிழ்ந்துவிட்டது.

ஆகவே சந்திப்பிழை, எழுத்துப்பிழை பார்க்கவென்றாலும் வசனத்தைக் கொடுக்காதீர்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பதையெல்லாம் வெட்டி, '[வசனம்]' என்று போட்டு, விவரிப்பை மட்டும் கொடுங்கள். திரும்பி வந்ததை வேர்டில் 'ஒப்பிடு' வசதியில் மூலத்தோடு வைத்து, மாற்றம் ஒவ்வொன்றாக ஏற்கவோ தள்ளவோ செய்யுங்கள். ஒட்டுமொத்தமாக 'ஏற்றுக்கொள்' அழுத்துவது தண்ணீரைத் திறந்துவிட்டுத் தூங்கப் போவது மாதிரி.

செங்கால்நாரை

தோழர்களே, வட்டார வழக்கு பற்றி இன்னொன்று. 'தஞ்சாவூர் வழக்கில் எழுது' என்று கேட்டால் சினிமா மதுரையும் கொஞ்சம் நெல்லையும் கலந்து வருகிறது. 'ஏலே', 'அவிய', நடுவில் ஒரு கோயம்புத்தூர் 'ஏனுங்க'. மூன்று ஊர்க்காரர்கள் ஒரே வாயில் பேசுகிறார்கள். போவுது, ஆவுது, செத்த, இஞ்ச, இதெல்லாம் இணையத்தில் எழுத்தாக இருப்பது குறைவு, அதனால் மெஷினுக்கும் கைவராது. பத்து வரி மாதிரி கொடுத்தால் அந்தப் பத்து வரியில் உள்ள சொற்களையே திருப்பித் திருப்பிப் போடும். எல்லா வாக்கியத்திலும் ஒரு 'செத்த' இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், மிராசுதார் வாய். 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வருடத்தில் தொடங்கும் நாவலில் பண்ணையாளை முதலாளி எப்படிக் கூப்பிட்டார் என்று எழுதாமல் முடியாது. மெஷின் சில சமயம் எழுத மறுக்கும். மறுத்தாலாவது தேவலை. பெரும்பாலும் எழுதும், ஆனால் மிராசுதாருக்கு அதே காட்சியில் மனசாட்சி உறுத்தத் தொடங்கிவிடும். மூன்றாம் பத்தியில் கண் கலங்கும். நான்காம் பத்தியில் மழை பெய்யும், இருவரும் ஒரே திண்ணையில் ஒதுங்குவார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோன மண் இது. சமாதானத்துக்கு அவசரப்படுகிற எழுத்து இங்கே பொய். கோபத்தை எத்தனை பக்கம் தள்ளிப்போடுவது என்ற முடிவு எழுத்தாளர் கையில்தான் இருக்க வேண்டும்.

கீழத்தஞ்சை

செங்கால்நாரை தோழர் சொன்னது சரிதான், ஆனா தகவல்லயும் இதே சமாதானம் நடக்குது. 'டெல்டா'ன்னு எழுதினதும் அதுக்கு வர்றது மல்லிகைப்பூ, கோயில் மணி, பில்டர் காபி, பொன்னித் தாய். எந்த வருஷமா இருந்தாலும் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்துடும். மறுநாள் காலையில வேதாரண்யத்துல நாத்து நடுவாங்க.

சரிபார்க்கிறவங்களுக்காக: ஜூன் 12 வழக்கமான தேதி, அவ்வளவுதான். 2022ல மே 24லயே திறந்தாச்சு. 2024ல தண்ணி இல்லாம ஜூலை 28க்குப் போயிடுச்சு. மேட்டூர்ல விட்டது கல்லணை வர மூணு நாலு நாள். 2022ல மே 24 விட்டு 27 கல்லணை திறப்பு, 2025ல ஜூன் 12 விட்டு 15 திறப்பு. கடைமடைக்கு அதுக்கும் மேல நாள் கணக்கு. தூர் வாராத வருஷம் இன்னும் இழுக்கும். அந்த நாள் கணக்குதான் கடைமடை நாவலோட மூச்சு. அதை மெஷின்கிட்ட கேட்டு எழுதக் கூடாது, பழைய செய்தித்தாள் பார்த்து எழுதணும்.

இன்னும் சில இடம் வழுக்கும். 1952ல திருத்துறைப்பூண்டி தஞ்சாவூர் ஜில்லா. நாகை மாவட்டம் 1991ல, திருவாரூர் மாவட்டம் 1997ல, மயிலாடுதுறை 2020ல. ஏடிடி 27 நெல் 1960களின் நடுவுல வந்தது, பொன்மணின்னு நாம சொல்ற சிஆர் 1009 1980கள்ல. அறுபதுகள்ல பொன்மணி நட்டதா மெஷின் எழுதினா ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க சிரிப்பாங்க. சமீப வருஷங்கள்ல நடக்கிற அத்தியாயத்துல நெல்லை 'மண்டிக்கு' 50 கிலோ மூட்டையில அனுப்பும். நம்ம ஊர்ல நேரடி கொள்முதல் நிலையம், 40 கிலோ சிப்பம், ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினா தகராறு. அந்த 17தான் காட்சி, கொட்டின நெல்லைக் காயவச்சுக்கிட்டு ராத்திரி பூரா காவல் கிடக்கறது எல்லாம் அதுலேருந்துதான் வருது.

அளவு இன்னும் மோசம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூணு மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், வேலின்னா ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சல். 'அஞ்சு வேலி வச்சிருந்தார்'னு எழுதினா சுருக்கத்துல மனுஷன் அஞ்சு இடத்துல முள்ளு அடைச்சிருக்கார். 'ரெண்டு மா' மாந்தோப்பாயிடுது. பேரேட்டுக் கட்டளைக்கு மேலேயே 'மா, வேலி, குழி நில அளவுகள். கலம், மரக்கால் நெல் அளவுகள். 12 மரக்கால் ஒரு கலம்'னு நாலு வரி சொல்விளக்கம் வச்சிட்டா இது பெரும்பாலும் அடங்கும்.

கடைமடை

கீழத்தஞ்சை அண்ணே, இதுக்கே ஒரு கும்பிடு. மெய்ப்புத்தாள் ஐயா காட்டின வசனம் நாவல்லேயே இருக்கிற மாதிரி இருக்கு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கையில நடவுப் பாட்டும் ஒப்பாரியுமா ஒலிப்பதிவு இருக்கு, பழைய புத்தகம் நாலு ஸ்கேன் பண்ணி இருக்கு. எழுத்தாக்க மெஷினை நம்பலாமா? ரெண்டாவது, கதையை வாசிச்சுக் கருத்துச் சொல்ல அதைப் பயன்படுத்தலாமா? எதைக் கொடுத்தாலும் 'அருமை'ங்குது.

ஒலிநாடா

ஒலிக்கு விஸ்பர் மாதிரி கருவி இலவசமா கிடைக்குது, சொந்தக் கணினியிலயே ஓட்டலாம், பதிவு வெளியே போகாது. ஒப்பாரிப் பதிவுக்கு இது முக்கியம். வேறொருத்தர் வீட்டுத் துக்கத்தை ஏதோ ஒரு சர்வருக்கு ஏத்தறதுக்கு முன்னாடி பாடினவங்களைக் கேக்கணும்.

பதிவை 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடமா மாத்திக்கங்க. விஸ்பர் 30 நொடி 30 நொடியாத்தான் கேக்குது. அதனால மூச்சு விடுற இடத்துல வெட்டி 20, 25 நொடித் துண்டாக் கொடுத்தா சொல் நடுவுல முறியாது. மௌனத்தை வெட்டி எறியணும், இது கட்டாயம். யாரும் பேசாத இடத்துல அது சும்மா இருக்காது, 'பார்த்ததற்கு நன்றி'ங்கிற ரகத்துல எதையாவது எழுதி வைக்கும். வீடியோ வசனக் கோப்புகளைப் படிச்சு வளர்ந்த புத்தி. நடவுப் பாட்டுல ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தா அதுலயே மாட்டிக்கிட்டுப் பக்கம் பூரா அதையே அடிக்கும். பின்னால டீசல் இன்ஜின் ஓடினா கேக்கவே வேணாம்.

எல்லாம் சரியா வந்தாலும் 'போவுது' 'போகுது' ஆகியிருக்கும். அதனால அந்த எழுத்தைப் பாட்டாக் கருதாதீங்க. எந்த நிமிஷத்துல என்ன வருதுன்னு காட்டற பொருளடக்கம் அது. தேவையான இடத்துக்குப் போய், காதால கேட்டு, கையால தட்டச்சு பண்ணுங்க. ஒரு மணி நேரப் பதிவுல அஞ்சு நிமிஷம்தான் நாவலுக்கு வேணும், அதைக் கண்டுபிடிக்கத்தான் மெஷின்.

மெய்ப்புத்தாள்

பழைய புத்தகத்துக்கு: 300 டிபிஐ, சாம்பல் நிறம், ஓரங்களை வெட்டி, பக்கத்தை நேராக்கிக் கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக்குவது) ஓரளவு சுத்தமாக வருகிறது. எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978 அக்டோபரில். அதற்கு முன் அச்சான புத்தகத்தில் லை, னை, ளை, ணை நான்கும் தும்பிக்கை வடிவம். றா, னா, ணா சுழித்த வடிவம். அங்கே பிழை குவியும். துணைக்காலையும் (ா) ரகரத்தையும் மாற்றிப் போடுவது எல்லாக் காலப் புத்தகத்திலும் உண்டு. புள்ளி மங்கியிருந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும்.

இப்படி வந்ததைச் சாட் மெஷினிடம் 'சுத்தம் செய்' என்று கொடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பூச்சி அரித்த சொல்லை அது ஊகித்து நிரப்பிவிடும், நிரப்பியதைச் சொல்லாது. 'சந்தேகமான சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரம் போடு, எதையும் மாற்றாதே' என்று கேளுங்கள். அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய பேஜ்மேக்கர் கோப்பு என்றால் முதலில் எழுத்துரு மாற்றி வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். அந்த எழுத்துருக்களில் 'ெ' கண்ணில் தெரிகிற வரிசைப்படி மெய்க்கு முன்னால் தட்டச்சாகியிருக்கும். மாற்றி தவறினால் அநாதைக் கொம்பாகத் தனியே நிற்கும். அதைத் தேடி மாற்ற ஏஐ எதற்கு, சாதாரணத் தேடல் போதும்.

வெண்ணாறு

'அருமை' நோய்க்கு மருந்து இருக்கு. கதையை நீங்க எழுதினதாச் சொல்லாதீங்க, 'வேறொருவர் அனுப்பியது, மதிப்பிட வேண்டும்'னு கொடுங்க. பாதி ஜால்ரா குறையும். ரெண்டு வடிவத்துல எது மேல்னு கேக்கிறதா இருந்தா, அ, ஆ ரெண்டையும் ஒரு தடவை இப்படியும், புது உரையாடல்ல வரிசையைத் திருப்பியும் கொடுங்க. வரிசை மாறினதும் தீர்ப்பு மாறினா அந்தத் தீர்ப்பைக் குப்பையில போடுங்க. அடிக்கடி மாறும்.

உருப்படியான ஒரே கட்டளை: "திருத்தம் தராதே, பாராட்டாதே, மாற்று வரி எழுதாதே. வாசகனாக உனக்குப் புரியாத இடங்களைப் பற்றிப் பத்து கேள்வி மட்டும் கேள், பத்தி எண்ணோடு." பத்துல மூணு தேறினா அதிர்ஷ்டம். மிச்சம் ஏழு நம்ம ஊர் விஷயம் அதுக்குப் புரியாததால வர்ற கேள்வி. அதுக்கும் ஒரு பயன் இருக்கு, சென்னை வாசகருக்கும் அங்கதான் இடறும். விளக்கணுமா, இடறட்டும்னு விடணுமாங்கிறது உங்க பாடு. டெம்பரேச்சர்னு ஒரு அமைப்பு சில கருவியில இருக்கு, பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம்னு வைக்கிறது அது, பேரேட்டு வேலைக்கு அதை 0 பக்கத்துல வைங்க.

எந்தக் காட்சியா இருந்தாலும் நீங்க எழுதி முடிச்சு, தேதி போட்டு, தனிக் கோப்பாச் சேமிச்ச பிறகுதான் மெஷினைத் திறக்கணும். முதல்ல அதோட வடிவத்தைப் பார்த்துட்டா மனசு அதையே சுத்தும்.

அரசலாறு

எல்லோரும் நுட்பம் பேசுகிறீர்கள். நான் இதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் பக்கம் நின்று சொல்கிறேன்.

இந்தக் கருவிகள் யாருடைய எழுத்தைத் தின்று வளர்ந்தன? 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, கிளாட்டை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் வழக்கில், வாங்கிய புத்தகங்களைக் கொண்டு பயிற்றுவித்தது நியாயமான பயன்பாடு, ஆனால் திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிச் சேர்த்துவைத்தது அப்படியல்ல என்றது. செப்டம்பரில் 150 கோடி டாலருக்குச் சமரசம், சுமார் 5 லட்சம் புத்தகம், ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான புத்தகங்களுக்குத்தான் அது. கும்பகோணத்தில் அச்சடித்த 300 பிரதிச் சிறுகதைத் தொகுப்பை யார் அங்கே பதிவு செய்தார்கள்? இங்கே ஏஎன்ஐ செய்தி நிறுவனம் இதே போன்ற புகாரோடு ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2024 நவம்பரில் வழக்குப் போட்டது.

பயன்படுத்துகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 2(டி)(6), கணினி உருவாக்கிய படைப்புக்கு 'அதை உருவாகச் செய்தவர்' ஆசிரியர் என்கிறது. அது 1994 திருத்தம், இந்த மெஷின்களை மனதில் வைத்து எழுதியதல்ல. அதை நம்பி அத்தியாயம் அத்தியாயமாக உருவாக்கி வைக்காதீர்கள். கிண்டிலில் வெளியிடுகிறவர்கள் 2023 செப்டம்பர் முதல் ஏஐ உருவாக்கிய உள்ளடக்கத்தை அறிவிக்க வேண்டும். நீங்கள் எழுதி, அது உதவியிருந்தால் அறிவிக்கத் தேவையில்லை. அது எழுதி, நீங்கள் எவ்வளவு திருத்தியிருந்தாலும் அறிவிக்க வேண்டும்.

செங்கால்நாரை

அரசலாறு ஐயா, மறுப்பதை மதிக்கிறேன். ஆனால் நகரத்தில் இருப்பவருக்குத் தட்டச்சுக்கு ஆள், மெய்ப்புக்கு ஆள், நூலகம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். முத்துப்பேட்டையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஓசிஆர் கூட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசலாறு

ஓசிஆர் வேண்டாம் என்று சொல்லவில்லை தோழர். வாக்கியத்தைக் கொடுக்காதே என்கிறேன். போட்டிக்கு வருகிற கதைகளைப் பாருங்கள், 'அது வெறும் மழை அல்ல, ஒரு நினைவு' என்று பத்தில் நான்கு கதை முடிகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் 'ஒரு', எல்லாப் பெயருக்கும் 'கள்' விகுதி, 'அவனுடைய கண்களில் ஒரு கேள்வி'. அமெரிக்காவின் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் 2023 பிப்ரவரி 20ல் இந்த வெள்ளம் தாங்காமல் படைப்பு வாங்குவதையே நிறுத்தி வைத்தது. நம் சிற்றிதழ்க்காரர்களுக்கு அந்த அளவு ஆள்பலம் கூட இல்லை.

மெய்ப்புத்தாள்

அதற்காகக் கண்டுபிடிக்கும் கருவியை நம்பி யார் கதையையும் தள்ளிவிடாதீர்கள். ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட அப்படியொரு கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்துக்கே அந்தக் கதி. சந்தேகம் வந்தால் முதல் பிரதியைக் கேளுங்கள், அடித்தல் திருத்தலோடு. ஐயா சொன்ன 'ஒரு' நோய் மெஷினுக்கு முன்பே மொழிபெயர்ப்பு வழியாக நம்மிடம் வந்ததுதான், பழியை முழுவதும் அதன் தலையில் கட்ட முடியாது.

வெண்ணாறு

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. சாட்ஜிபிடில அமைப்புக்குள்ள 'டேட்டா கண்ட்ரோல்ஸ்'ல மாடலை மேம்படுத்த உங்க உரையைப் பயன்படுத்திக்கலாம்ங்கிற தேர்வை அணைச்சுடுங்க, நாவலை ஏத்தறதுக்கு முன்னாடி. மத்த கருவியிலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கும், தேடிப் பாருங்க.

கடைமடை

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி வச்சிருக்கேன்: பேரேடு, ஓசிஆர் சந்தேகக் குறி, ஒலிப்பதிவுப் பொருளடக்கம், பத்துக் கேள்வி, இந்த நாலும் மெஷினுக்கு. வசனம், விவரிப்பு, தகவல் மூணும் கிடையாது. அரசலாறு ஐயாவுக்கு இதுவும் கூடுதலாப் படலாம், மனசு இன்னும் முழுசா ஒரு பக்கம் சாயல.

1ஆம் அத்தியாயமும் 4ஆம் அத்தியாயமும் ஓட்டிப் பார்த்தேன். பேரேட்டு மாதிரி:

01-06 | 1952 | "மூணு மா குத்தகை"
01-11 | 1952 | "ஜில்லா போர்டு ரோடு"
04-02 | 1958 | "நடவாளுக்கு நாலணா கூட கேக்குறாளுவ"
04-09 | 1958 | கணக்கு நோட்டு: "கூலி 0-12-0"

கடைசி ரெண்டும் பிழை, 'பைசா'ன்னு மாத்தணும்னு மெஷின் கேக்காமலே அடிக்குறிப்பு போட்டிருக்கு.

மெய்ப்புத்தாள்

பாதி சரி. தசம நாணயம் 1957 ஏப்ரல் 1ல் வந்துவிட்டது, ரூபாய்க்கு 100 நயா பைசா. 04-09ல் ரூபாய்-அணா-பை என்று பழைய முறையில் மூன்று கட்டம் இருக்கிறது. பழக்கதோஷத்தில் அப்படியே எழுதுகிற கணக்குப்பிள்ளை என்றால் விடலாம், புது நோட்டு என்றால் 12 அணாவுக்கு 75 நயா பைசா போடுங்கள். 04-02ஐத் தொடாதீர்கள். 25 காசை எத்தனையோ வருடம் நாலணா என்றுதான் சொன்னார்கள், 1958ல் நடவு வயலில் நிற்கிறவள் வேறு எப்படிச் சொல்வாள்?